‘ஸ்லோ’ ஆகிப்போன ஒரு வீட்டு லேப்டாப்: நிகழ்வு ஆய்வு

2025 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டு லேப்டாப்பை ஆராய்ந்து சரிசெய்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதம் உண்டு. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை. ஒரு சாதாரண லேப்டாப்பைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், வீடுகளில் ‘ஸ்லோ’ என்று ஒதுக்கி வைக்கப்படும் கணினிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பவை அனைத்தும் இந்த ஒன்றிலேயே சேர்ந்திருந்தன என்பதுதான். அதன் வேகத்தைக் குறைத்தவற்றுள் பெரும்பகுதி, வேகத்தைக் கூட்டுவதற்காக நல்லெண்ணத்துடன் அதில் ஏற்றப்பட்டவை.

லேப்டாப் 2018இல் வாங்கப்பட்டது. இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ3 ப்ராசசர், 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆசிரியர் அதில் மின் கட்டணம் கட்டுவார், ரயில் டிக்கெட் எடுப்பார், வங்கிக் கணக்கைப் பார்ப்பார். மருமகள் வாட்ஸ்அப்பில் வரும் படங்களையும் ஆவணங்களையும் அதில்தான் சேர்த்து வைப்பார். பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்திக்குப் பாடக் காணொளிகளும் பள்ளிச் செயல்திட்டங்களும் அதில். எல்லாருக்கும் ஒரே கணக்கு, கடவுச்சொல் இல்லை.

அவர்கள் சொன்ன குறைகள் மூன்று. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. வேலை நடுவே ‘ஹேங்’ ஆகி நிற்கிறது. வலது கீழ்மூலையில், கணினியில் வைரஸ் இருப்பதாகவும் உடனே ஸ்கேன் செய்ய வேண்டுமென்றும் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. அருகிலுள்ள கடையில் விசாரித்தபோது, ப்ராசசர் பழசாகிவிட்டது, ‘ஃபார்மட்’ போட வேண்டும், அதற்கும் சரியாகவில்லை என்றால் புதிது வாங்குவதே நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி ஆசிரியர் என்னை அழைத்திருந்தார்.

எதையும் நீக்காமல், எதையும் நிறுவாமல் முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றினேன். வீட்டுப் பயனாளர் எவரும் இதைச் செய்யலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அது சிறிய வடிவில் திறந்தால், கீழே உள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்த வேண்டும். மேலே சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்ற நான்கு தலைப்புகளின்கீழ் சதவீதங்கள் தெரியும். அந்த லேப்டாப்பில் நாங்கள் எந்த வேலையும் கொடுக்காத நிலையில் சிபியு 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. மெமரி (ரேம்) 90ஐ ஒட்டி இருந்தது. டிஸ்க் 100இல் நின்று இறங்கவே இல்லை. அதாவது கணக்குப் போடும் பகுதி ஓய்வாக உட்கார்ந்திருக்க, தகவலை எடுத்துக் கொடுக்கும் பகுதி திணறிக்கொண்டிருந்தது. ‘ப்ராசசர் பழசாயிடுச்சு’ என்று கடையில் சொன்ன காரணம் இந்த ஒரு பார்வையிலேயே விலகிவிட்டது.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால், கீழே ‘அப் டைம்’ என்று ஓர் எண் தெரியும். கணினி கடைசியாக முழுமையாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பதன் கணக்கு அது. அங்கே 19 நாள் என்று இருந்தது. ஆசிரியர் வியந்தார்.

“தம்பி, தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணித்தானே மூடி வைக்கிறேன்?”

“நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க சார். ஷட் டவுன் வேற, ரீஸ்டார்ட் வேற.”

விண்டோஸ் 8 தொடங்கி, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. அடுத்த முறை சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துப் போடுகிறது. ஆகவே நேற்றைய குழப்பம் இன்றும் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே அனைத்தும் புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் திடீரென்று தெரியாமல் போவது, சத்தம் வராமல் போவது, வைஃபை பிடிக்காமல் போவது போன்ற சில்லறைத் தொல்லைகள் பலவும் ரீஸ்டார்ட் ஒன்றிலேயே தீர்வதற்கு இதுவே காரணம். வாரத்துக்கு ஒருமுறையாவது ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் பிறகு மூடுவது நல்ல பழக்கம்.

அடுத்து ‘ஸ்டார்ட்அப்’ பக்கம். கணினி திறந்தவுடன் நம்மைக் கேட்காமலேயே தாமும் ஓடத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் அது. வாங்கும்போதே உடன் வந்து, கட்டணக் காலம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த ஓர் ஆன்டிவைரஸ், அதற்கு மேல் யாரோ போட்டுக் கொடுத்த இலவச ஆன்டிவைரஸ் இன்னொன்று, குப்பையை அகற்றுவதாகச் சொல்லும் ‘கிளீனர்’கள் இரண்டு, கணினியின் கருவிகளை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் ஒன்று, 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக நிறுவிய வீடியோ அழைப்புச் செயலிகள், இப்போது வீட்டில் இல்லாத ஒரு பிரிண்டரின் துணைச் செயலி. ஒவ்வொன்றும் திறந்தவுடன் டிஸ்க்கைக் கேட்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ்களும் ஒரே கோப்பை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கின்றன. கிளீனர்கள் டிஸ்க் முழுவதையும் துழாவுகின்றன. சுழலும் தட்டைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கில் இது எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கணக்காகவே சொல்லலாம்: நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி ஆகும். வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேர்வதற்கே சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு மூலையிலிருந்து சிறுசிறு துண்டுகளாகக் கேட்டால், டிஸ்க்கின் நேரம் பெரும்பாலும் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

இவை எப்படி வந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கணினி சற்று மெதுவாகத் தெரிந்த ஒரு நாளில், வேகம் கூட்டும் வழியை இணையத்தில் தேடி முதல் கிளீனரை நிறுவியிருக்கிறார்கள். அது நூற்றுக்கணக்கான ‘பிழைகள்’ இருப்பதாகக் காட்டி, அவற்றைச் சரிசெய்யப் பணம் கேட்டிருக்கிறது. பணம் கொடுக்க மனமில்லாமல் இரண்டாவதை இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த பெரிய பச்சை ‘டவுன்லோட்’ பொத்தான் ஒரு விளம்பரம். உண்மையான பொத்தான் அதற்குக் கீழே சிறியதாக இருந்திருக்கும். டிரைவர் செயலி அப்படித்தான் உள்ளே வந்தது. மெதுவாகிவிட்டது என்பதற்காக நிறுவுவது, நிறுவியதால் மேலும் மெதுவாவது, அதற்காக இன்னொன்றை நிறுவுவது என்று வளையம் சுற்றியிருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அச்சமூட்டும் சிவப்பு எழுத்துகளை நம்பும்படியாகவே அவை வடிவமைக்கப்படுகின்றன.

கிளீனர் என்ற பெயரில் வரும் எதையும் வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைப் பயன்படுத்துவதைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் தெரிவித்திருக்கிறது. உலகெங்கும் பெயர் பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்பு, 2017 ஆகஸ்டில் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே தீம்பொருளுடன் வெளியாகி, கண்டுபிடிக்கப்படுவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளைச் சென்றடைந்தது. நேர்மையான நிறுவனத்தின் மென்பொருளுக்கே இந்த நிலை ஏற்படக்கூடும் என்றால், பெயர் தெரியாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இடத்தை ஒழுங்குபடுத்த வேண்டிய கருவிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வலது மூலையில் வந்த எச்சரிக்கையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த வீட்டில் அதிகப் பயத்தை உண்டாக்கியது அதுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. கேடயப் படம், அதன் அருகே உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது என்னும் பொருளில் ஆங்கில வாசகம், கீழே ஸ்கேன் செய்யச் சொல்லும் பொத்தான். அதற்கு மேலே, மிகச் சிறிய சாம்பல் எழுத்தில், குரோம் என்ற பெயரும் அதையொட்டி ஓர் இணையதள முகவரியும் இருந்தன. அந்த ஒரு வரிதான் முழு விளக்கம். அந்தச் செய்தியை அனுப்பியது விண்டோஸ் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. ஏதோ ஓர் இணையதளம் குரோம் வழியாக அனுப்பிய அறிவிப்பு. கிரிக்கெட் நேரலை பார்க்கவோ பாடல் இறக்கவோ ஒரு தளத்துக்குப் போயிருப்பார்கள். நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிப்படுத்த ‘அலவ்’ அழுத்துங்கள் என்று அது கேட்டிருக்கும். அழுத்தியதும், அறிவிப்புகளை அனுப்பும் உரிமை அதற்குக் கிடைத்துவிடும். தீர்வும் எளியது: குரோமின் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்கள் ஒவ்வொன்றையும் நீக்கினோம். இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அங்கேயே உண்டு, அதையும் போட்டுவிட்டோம். வைரஸ் என்று பல மாதங்களாக அஞ்சியது சில நிமிடங்களில் நின்றது.

உடனே மற்றவற்றையும் நீக்கத் தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். டிஸ்க்குகள் தம்மைத் தாமே கண்காணித்துப் பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற குறிப்புகளைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எளிதில் படிக்கும்படி காட்டும். நலமாக இருந்தால் நீலம். இங்கே மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று வந்தது. பழுதடைந்ததால் ஒதுக்கப்பட்ட பகுதிகளும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளும் இருந்தன. அந்த டிஸ்க் இன்னும் ஓராண்டு ஓடலாம். அன்று மாலையே நிற்கவும் செய்யலாம். ஆகவே வேகம் பற்றிய பேச்சை நிறுத்தி வைத்துவிட்டு, படி எடுக்கும் (‘பேக்கப்’) வேலை முதலிடத்துக்கு வந்தது.

“முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லயும் ஒரு காப்பி இருக்கு தம்பி, பயமில்ல,” என்றார் ஆசிரியர். தமிழ்நாட்டு வீடுகளில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சி, டி என்பவை பெரும்பாலான லேப்டாப்புகளில் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பிரிவுகள். டிஸ்க் நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும். ஃபார்மட் விஷயத்தில் ஆபத்து வேறு விதம்: கடையில் வழக்கமாகச் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு விண்டோஸைப் போடுவார்கள், டியில் உள்ளவை தப்பும். ஆனால் டெஸ்க்டாப்பில் தெரிபவை, டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கும் இயல்பாக இருப்பது சி டிரைவில்தான். அந்த வீட்டில் 2018 முதல் எடுத்த குடும்பப் படங்கள், நில ஆவணங்களின் ஸ்கேன்கள், பேத்தியின் சான்றிதழ்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தன. டியில் இருந்தது 2021 வரை எடுத்த படி மட்டும். சொன்னபடி கடையில் ஃபார்மட் செய்திருந்தால் நான்காண்டுப் படங்கள் போயிருக்கும்.

படி எடுப்பதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு 3-2-1: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் இருப்பது ஒன்று, புதிதாக வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது, மூன்றாவது இணையத்தில். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் கூகுள் டிரைவும் பங்கிட்டுக்கொள்கின்றன. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இலவச அளவு 5 ஜிபி. அனைத்துப் படங்களையும் ஏற்ற அது போதாது. எனவே இழந்தால் மீண்டும் பெற முடியாத ஆவணங்களையும் தேர்ந்தெடுத்த படங்களையும் மட்டும் மேலே ஏற்றினோம். வெளி ஹார்ட் டிஸ்க்கைப் படி எடுத்த பிறகு கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று வலியுறுத்தினேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீம்பொருள் வந்தால், இணைத்தே வைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இந்த வேலையின் நடுவே மருமகள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தார். ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்ததிலிருந்து அதில் இருந்தவை காணாமல் போய்விட்டன என்றார். செருகிப் பார்த்தோம். கோப்புறைகளின் பெயர்கள் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் படத்திலும் இடது கீழ்மூலையில் ஒரு சிறு வளைந்த அம்புக்குறி, அளவு என்ற இடத்தில் 2 கேபி. அதே பென்டிரைவின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் 11 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியது. கோப்புகள் போகவில்லை, மறைக்கப்பட்டிருந்தன. பெயரளவில் தெரிந்தவை குறுக்குவழிகள்; அவற்றை இருமுறை சொடுக்கினால் தீம்பொருள் ஓடும். ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்று நம் ஊர்களில் அழைக்கப்படுவது இதுதான். பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடத்தான் பலருக்கும் தோன்றும். செய்தால் உள்ளிருப்பவை உண்மையிலேயே போய்விடும். விண்டோஸுடன் வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைக் கொண்டு முதலில் ஸ்கேன் செய்து தீம்பொருளை நீக்கினோம். பிறகு மறைப்புக் குறியை எடுக்கும் ‘அட்ரிப்’ கட்டளையைக் கொடுத்தோம். கோப்புறைகள் திரும்பி வந்தன. பிரின்ட் எடுக்கக் குடும்பப் படங்கள் உள்ள பென்டிரைவைக் கொண்டுபோகாமல், வேண்டிய ஒரு கோப்பை மட்டும் கொண்ட தனிப் பென்டிரைவைக் கொண்டுபோவது நல்லது. வந்தவுடன் அதை ஸ்கேன் செய்யாமல் திறக்கக் கூடாது.

படி எடுத்து முடித்து, அவற்றுள் சில கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்த பின்னரே நீக்கும் வேலை தொடங்கியது. திறந்து பார்க்காத படியை நான் படியாகக் கணக்கில் எடுப்பதில்லை. செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று, இரண்டு ஆன்டிவைரஸ்களையும் கிளீனர்களையும் டிரைவர் செயலியையும் நீக்கினோம். மற்ற ஆன்டிவைரஸ்கள் போனவுடன் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும். ஸ்டார்ட்அப் பட்டியலில் மீந்தவற்றுள் தேவையற்றவற்றை ‘டிசேபிள்’ செய்தோம். டிசேபிள் செய்வதால் மென்பொருள் அழிவதில்லை, தானாக ஓடுவது மட்டுமே நிற்கும் என்பதால் தொடக்கநிலையினர் அஞ்ச வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் எதிர்பாராத ஒன்றும் இருந்தது: வேறோர் ஊரில் இருப்பவர் இந்தக் கணினியைத் தன் கையிலிருப்பதுபோல் இயக்க உதவும் ஒரு செயலி. விசாரித்ததில், பணம் திரும்பத் தருவதாகச் சொல்லி வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் பேசிய ஒருவர் அதை நிறுவச் செய்திருக்கிறார். ஓடிபி கேட்டவுடன் மருமகள் சந்தேகப்பட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் செயலி அங்கேயே கிடந்தது. இத்தகைய செயலிகள் தம்மளவில் நேர்மையானவை. அலுவலகங்களில் நாள்தோறும் பயன்படுபவை. முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் சொல்லி நிறுவச் சொன்னால் மட்டும் அதற்கு ஒரே பொருள்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் எதுவும் இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் போயிருந்தால், இந்தியாவில் உடனே சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தைப் பிடித்து நிறுத்தும் வாய்ப்பைக் குறைக்கிறது. அந்த எண்ணை ஆசிரியர் நாட்காட்டியின் மேல் எழுதி வைத்துக்கொண்டார்.

இடப் பிரச்சினை பெரிதாக இல்லை. டவுன்லோட்ஸ் கோப்புறை மட்டும் பார்க்க வேண்டிய ஒன்றாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஆவணத்தைத் தேவைப்படும்போதெல்லாம் மீண்டும் இறக்கியிருந்ததால், ஒரே ஆதார் நகல் (1), (2), (3) என்று அடைப்புக்குறி எண்களுடன் (9) வரை நீண்டிருந்தது. அளவின்படி வரிசைப்படுத்திப் பெரியவற்றைப் பார்த்தோம். பழைய மென்பொருள் நிறுவிகளும் இருமுறை இறங்கிய பாடக் காணொளிகளும் போயின. தற்காலிகக் கோப்புகளை நீக்க ‘ஸ்டோரேஜ்’ பக்கத்திலுள்ள ‘டெம்ப்ரரி ஃபைல்ஸ்’ போதும். அங்கே வரும் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். படிக்காமல் அதையும் குறியிட்டுவிட்டால் வேண்டியவையும் சேர்ந்து அழியும்.

இவ்வளவுக்குப் பிறகு ரீஸ்டார்ட் கொடுத்தோம். முன்பு ஆறு நிமிடங்கள் ஆன இடத்தில் இப்போது இரண்டரை நிமிடங்களில் குரோம் திறந்தது. இந்த வேகத்துக்காக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனாலும் முதல் ஒரு நிமிடம் டிஸ்க் 100இலேயே நின்றது. அதன் உடல்நிலையும் மஞ்சளில் இருந்தது. பணம் செலவிடுவதற்கான காரணம் இப்போதுதான் தெளிவாயிற்று. எதற்குச் செலவிட வேண்டும் என்பதும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் 500 ஜிபி சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றும், கூடுதலாக 4 ஜிபி ரேமும் வாங்கச் சொன்னேன். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, காத்திருக்கும் பாதிச் சுற்றும் இல்லை. தொடர்ச்சியாகப் படிக்கும் வேகமே வினாடிக்கு 500 எம்பி அளவில் இருக்கும். பழைய டிஸ்க் அதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் அதிகம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியே முதலில் என்று தயங்காமல் சொல்வேன். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நிறுவும் கருவியை இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் போட்டுக்கொண்டோம். அசல் விண்டோஸுடன் வாங்கிய லேப்டாப்பில் அதன் உரிமம் இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டிருப்பதால், டிஸ்க்கை மாற்றினாலும் இணையத்தில் சேர்ந்தவுடன் தானாகவே செயலுக்கு வந்துவிடும். இது தெரியாததால், இருக்கும் உரிமத்தை விட்டுவிட்டு, ‘கிராக்’ செய்த விண்டோஸைக் கடையில் போட்டு வாங்குபவர்கள் பலர். அந்தக் கிராக் கருவிகள் வேலை செய்வதற்கே டிஃபெண்டரை அணைக்கச் சொல்கின்றன என்பதிலிருந்தே அவற்றின் தன்மையைப் புரிந்துகொள்ளலாம்.

மாற்றத்துக்குப் பிறகு லேப்டாப் அரை நிமிடத்துக்குள் தயாரானது. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு வெளி டிஸ்க்காகப் பயன்படுத்தலாமா என்று பேத்தி கேட்டாள். மஞ்சள் காட்டிய டிஸ்க்கில் படி எடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லி, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம்.

புதிய நிறுவலில் ஒரு மாற்றம் செய்தேன். இந்த ஆய்வில் நான் அதிக மதிப்புக் கொடுப்பது அதற்குத்தான். நிர்வாகி கணக்கு ஒன்றைக் கடவுச்சொல்லுடன் தனியே உருவாக்கி, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆசிரியருக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் ‘ஸ்டாண்டர்ட்’ வகைக் கணக்குகளைத் தனித்தனியே வைத்தேன். இனி கணினி முழுவதற்குமான எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டுமானால் திரை மங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். பச்சைப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் கணினியின் ஆழத்துக்குள் எதுவும் எளிதில் போய்விட முடியாது. ஏன் கேட்கிறது என்று ஒரு கணம் யோசிக்க அந்தத் திரை இடம் கொடுக்கிறது. கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதைவிட, வெவ்வேறாக வைத்து நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பது எவ்வளவோ மேல் என்றேன். வீட்டுக்குள் இருக்கும் நோட்டை வெளிநாட்டிலிருக்கும் திருடன் எடுக்க முடியாது. ஏடிஎம் பின் எண்ணை மட்டும் எழுதக் கூடாது.

எஞ்சி நிற்பது விண்டோஸ் 10இன் நிலை. 2015 ஜூலையில் வந்த அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் என்ன நடக்கும் என்பதற்கு, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறித்த வான்னாக்ரை என்ற தீம்பொருள் சான்று: அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது, அதைப் போடாமல் விட்ட கணினிகளை மே 12 அன்று அது தாக்கி, 150 நாடுகள்வரை பரவியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் ப்ராசசர்களில் பொதுவாக 8ஆம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை என்பதால், 7ஆம் தலைமுறை ஐ3 கொண்ட இந்த லேப்டாப் அதற்குத் தகுதி பெறாது. கட்டாயப்படுத்தி நிறுவும் வழிகளும் உண்டு. தொடக்கநிலைப் பயனாளரின் வீட்டில் அவற்றை நான் செய்ய மாட்டேன், ஏனெனில் பின்னால் வரும் ஒரு புதுப்பிப்பில் அது நின்றுபோனால் அவர்களால் மீட்க இயலாது.

ஆகவே நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தோம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸின் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் அதற்கான இணைப்பை அழுத்தி, கணினியின் அமைப்புகளைப் படி எடுத்துவைக்க ஒப்புக்கொண்டால் கட்டணமின்றிச் சேரலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு இந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதா, புதிது வாங்குவதா என்பதை அவர்கள் அப்போது தீர்மானிப்பார்கள். வங்கி வேலைக்குப் புதியதும், பேத்தியின் படிப்புக்கு லினக்ஸ் போட்ட இந்தப் பழையதும் என்று பிரிக்கும் எண்ணம் ஆசிரியருக்கு இருக்கிறது. எதை வாங்கினாலும் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் குறையாமல் இருக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை, மாதந்தோறும் ஓய்வூதியம் வரவாகும் நாளில் வெளி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து இணைத்துப் படி எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.